அண்டா தூக்கும் எட்டுக் கைகள்
எப்படி இயங்குகிறது? – இடம் மாறும் வாகன லிஃப்ட்

கல்யாணச் சமையல்கட்டில் சாம்பார் அண்டாவை அடுப்பிலிருந்து இறக்கும் நேரத்தைப் பார்த்திருப்பீர்கள். நான்கு பேர் சுற்றி நின்று, துணியைச் சுற்றிப் பிடித்துக்கொள்வார்கள். மாஸ்டர் "ம், தூக்கு" என்றதும் எட்டுக் கைகளும் ஒன்றாக எழும். ஒருவர் முந்தினாலோ பிந்தினாலோ அண்டா சாயும். கொதிக்கிற சாம்பார் காலில் கொட்டும்.

லாரியையும் பேருந்தையும் ஆள் உயரத்துக்குத் தூக்கும் 'நகரும் தூண் லிஃப்ட்' செய்வதும் இதே வேலைதான்.

கட்டிய அடுப்பும் கொண்டுபோகிற அடுப்பும்

நான்கைந்து ஊர்களில் சர்வீஸ் பட்டறை வைத்திருக்கும் நிறுவனத்துக்கு ஒரு பழைய சிக்கல் உண்டு. நிரந்தர லிஃப்ட் என்றால் ஒவ்வொரு கிளையிலும் அடித்தளம் போட்டு போல்ட் அடிக்க வேண்டும். வாடகைக் கட்டடத்தைக் காலி செய்யும்போது அந்தச் செலவு அங்கேயே நின்றுவிடும். லிஃப்டுக்குப் பதிலாகத் தரையில் பள்ளம் வெட்டினால் மழைநீர் தேங்கும், பெட்ரோல் ஆவி அடியில் தங்கும், கால் தவறி விழும் ஆபத்தும் உண்டு.

கல்யாணச் சமையல்காரர் மண்டபத்துக்கு மண்டபம் அடுப்புக் கட்டுவதில்லை. தன் பர்னர்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறார். நகரும் தூண்களும் அப்படித்தான். ஒவ்வொன்றும் தனித் தூண். அடியில் சக்கரம், முன்னால் டயரை இருபுறமும் தாங்கும் இரண்டு இரும்புக் கைகள், பின்னால் இழுத்துச் செல்லப் பிடி. சரக்குக் கிடங்கில் ஓடும் கைவண்டியைப் போல உருட்டி வந்து டயருக்கு ஒன்றாக நிறுத்தலாம். பேட்டரியில் ஓடும் தூணாக இருந்தால் தூக்கும்போது கரண்ட் வயர்கூடத் தேவையில்லை.

பால் பாக்கெட்டும் திருகு நாழியும்

இவ்வளவு பலம் எங்கிருந்து வருகிறது? நிரம்பிய பால் பாக்கெட்டை ஒரு மூலையில் அழுத்துங்கள். மொத்தப் பாக்கெட்டும் விறைக்கும். அடைபட்ட திரவத்தில் கொடுத்த அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்பதை 17-ஆம் நூற்றாண்டில் பிரான்ஸின் பாஸ்கல் விளக்கினார். லிஃப்டுக்குள் அடைபட்ட ஆயிலை 2 சதுர செ.மீ. பரப்பில் 20 கிலோ எடையால் அழுத்தினால், அதே ஆயில் 100 சதுர செ.மீ. பிஸ்டனில் 1,000 கிலோவைத் தூக்கும். ஆனால் பெரிய பிஸ்டன் 1 செ.மீ. ஏற, சிறியது 50 செ.மீ. நகர வேண்டும். அந்த ஓயாத உழைப்பை மோட்டாரும் பம்ப்பும் செய்கின்றன.

ஆயில் இல்லாத வகையும் உண்டு. அது முறுக்குப் பிழியும் திருகு நாழி. மோட்டார் நீண்ட திருகைச் சுற்ற, அதில் கோத்த நட் இரும்புக் கைகளோடு மேலே ஏறும். கைப்பிடியை விட்டாலும் நாழி தானாகப் பின்னால் சுழலாது. இந்தத் திருகும் அப்படியே நிற்கும். நட் தேய்ந்து அறுந்தால் எடையைத் தாங்க, அதன் கீழே இன்னொரு நட் காத்திருக்கும்.

மாஸ்டரின் குரல்

தூண்களுக்கு இடையே எந்த இரும்பு இணைப்பும் கிடையாது. அவற்றைச் சேர்த்துக் கட்டுவது செய்தி மட்டுமே. ஒவ்வொரு தூணும் தன் கை எந்த உயரத்தில் இருக்கிறது என்பதைச் சென்சாரால் அளந்து, வயர் வழியாகவோ வயர்லெஸ்ஸிலோ மற்ற தூண்களுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். முந்துகிற தூண் மற்றவை வந்து சேரும்வரை தாமதிக்கும். வித்தியாசம் எல்லை மீறினால் எல்லாமே நிற்கும். எந்தத் தூணில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்தினாலும் அத்தனையும் நிற்கும்.

பிரிமணையில் வைத்த பிறகே கரண்டி

ஆட்கள் கையில் பிடித்திருக்கும் அண்டாவிலிருந்து யாரும் சாம்பார் மொள்ளுவதில்லை. பிரிமணையில் இறக்கி வைத்த பிறகே கரண்டி உள்ளே போகும். ஆயில் லிஃப்டில் அந்தப் பிரிமணைதான் இரும்புப் பூட்டு. தூக்கத் தூக்க, தூணில் உள்ள படிகளில் ஒரு கொக்கி ஒவ்வொன்றாக விழுந்துகொண்டே வரும். தேவையான உயரம் வந்ததும் வண்டியைச் சற்று இறக்கி அந்தக் கொக்கியின் மேல் உட்கார வைக்க வேண்டும். அதன் பிறகு ஆயில் குழாயே வெடித்தாலும் வண்டி இறங்காது. இதைச் செய்யாமல் அடியில் போகிற மெக்கானிக் தன் உயிரை, ஆயில் கசியாமல் அடைக்கும் ஒரு ரப்பர் வளையத்தை நம்பி வைக்கிறார்.

யார் எவ்வளவு சுமக்கிறார்?

7.5 டன் தூக்கும் தூண்கள் நான்கு என்றால் 30 டன் என்று கூட்டிவிடுவது எளிது. கணக்கு அதுவல்ல. இந்தியாவில் 2018-இல் உயர்த்தப்பட்ட வரம்புப்படி இரண்டு அச்சு லாரி 18.5 டன் வரை இருக்கலாம்: முன் அச்சில் 7, பின் அச்சில் 11.5. அப்படியானால் முன் தூண் ஒவ்வொன்றும் 3.5 டன் சுமக்க, பின் தூண் ஒவ்வொன்றும் 5.75 டன் சுமக்கிறது. சரக்கு ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அந்தப் பக்கம் இன்னும் கனக்கும். அண்டாவில் கனமான பக்கம் நிற்பவருக்கு மற்ற மூவரின் பலம் வந்து சேராது. பார்க்க வேண்டியது மொத்தத்தை அல்ல, மிகக் கனமான சக்கரத்தை.

இன்னொன்றும் உண்டு. தூண் டயரைத்தான் தாங்குகிறது. டயரைக் கழற்ற வேண்டுமென்றால் முதலில் அச்சுக்கு அடியில் தனி ஸ்டாண்டு கொடுத்தாக வேண்டும்.

ஊர் மாறும்போது

ஒரே வகைத் தூண்களை எல்லாக் கிளைகளுக்கும் வாங்கினால் எட்டை நான்கு நான்காக இரண்டு ஊர்களில் ஓட்டலாம். நீளமான பேருந்து வந்தால் ஆறையோ எட்டையோ ஒரே இடத்தில் சேர்க்கலாம். எங்கே மாற்றிப் போட்டாலும் மெக்கானிக்கின் கைப்பழக்கம் மாறாது. ஆனால் ஒரு தூணே பொதுவாக அரை டன்னுக்கு அருகில் கனக்கும். ஏற்றி இறக்க ஃபோர்க்லிஃப்டோ பின்கதவு லிஃப்ட் உள்ள லாரியோ வேண்டும்.

புது மண்டபத்துக்குள் நுழையும் மாஸ்டர் முதலில் அடுப்பு வைக்கும் தரையைத்தான் மிதித்துப் பார்ப்பார். நீங்களும் அதையே செய்யுங்கள். தூணின் சுமை முழுவதும் அதன் சின்னப் பாதத்தின் வழியே தரையில் இறங்குகிறது. சரிவு, விரிசல், மண் தரை, பதித்த கல் ஆகியவை உள்ள இடத்தில் இதை நிறுத்தவே கூடாது. விலைப்பட்டியல் கேட்பதற்கு முன்னால் ஒவ்வொரு கிளையின் கான்கிரீட் கனத்தையும் மட்டத்தையும் அளந்து எழுதிவையுங்கள். லிஃப்டை எந்த ஊருக்கும் கொண்டுபோகலாம். தரையைக் கொண்டுபோக முடியாது.