பார லொறியும் அதன் மூச்சும்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என மலராசிரியர் கேட்டபோது, தமிழாசிரியராகிய யாம் இலக்கியம் பற்றியே எழுதுவோம் என அவர் எதிர்பார்த்திருத்தல் கூடும். யாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். ஆயின், விழாவுக்கெனக் கனடாவிலிருந்து வந்த எம் பள்ளித் தோழர் ஒருவர், கல்லூரி விறாந்தையில் இரண்டு மாலைப் பொழுதுகள் எம்மை இருத்தித் தம் லொறியின் கதையைச் சொன்னார். பத்திரிகைத் தாளிற் சுற்றி அவர் கொண்டுவந்திருந்த பொருள், ஒரு சாண் நீளமும் அடிப்பக்கத்தில் ஒரு வெடிப்பும் உடைய பழைய இறப்பர்க் குழாய். அதனைக் கண்டு உயர்தர வகுப்பு மாணவர் சிலரும் கூடிவிட்டனர். அவர் சொன்னவற்றையும், பின்னர் யாம் நூல்களைப் புரட்டித் தெளிந்தவற்றையும் சேர்த்து ஈண்டு எழுதுகின்றோம்.

இத்தோழர் எம்மோடு ஒரே வாங்கில் இருந்து கற்றவர். இலக்கண வகுப்பில் அவருக்கு நித்திரை வந்துவிடும். வீதியில் எஞ்சின் ஒலி கேட்டால் விழித்துக்கொள்வார். 1990ஆம் ஆண்டின் பின் குடாநாட்டுக்கு எரிபொருள் வருவது தடைப்பட்டபோது மோட்டார் வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடிய காலத்தை எம் வயதினர் மறவார். சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை எழுப்பி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். தம் மாமாவின் வண்டிக்கு அப்பணியைச் செய்தவர் இவரே. புகையின் நிறங்கண்டு எஞ்சினின் நோயை உணரும் பழக்கம் அவருக்கு அங்கேதான் வந்தது.

இன்று அவர் வான்கூவர் துறைமுகத்திலிருந்து உள்நாட்டுக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் ஒரு பார லொறியின் உரிமையாளரும் சாரதியும் ஆவர். லொறி 1990களிற் செய்யப்பட்டது. ஆறு உருளைகள், 14 லீற்றர்க் கொள்ளளவு உடைய டீசல் எஞ்சின். புதியது வாங்காது பழையதை வைத்திருப்பது ஏன் என வினவினோம். புதிய லொறிகளிற் புகைக்கரி வடிகளும் உணரிகளும் மலிந்துள்ளன. ஒன்று பழுதுபட்டால் லொறி நடுவழியில் நிற்கும். திருத்துஞ் செலவோ பெரிது. 2000ஆம் ஆண்டுக்கு முற்பட்ட வாகனங்களுக்கு, ஓட்டும் நேரத்தைப் பதிவு செய்யும் மின்னணுக் கருவியினின்றும் விலக்கு உண்டு. இவை அவர் கூறிய காரணங்கள். தம் கையாலேயே திருத்தலாம் என்பதே முதற் காரணம் என்பது எம் ஊகம்.

அவருடைய பாதை ஹோப் என்னும் ஊரிலிருந்து கொக்கிஹல்லா நெடுஞ்சாலை வழியே மலையேறுகின்றது. ஊர் கடல்மட்டத்திற்குச் சற்றே மேல். மலையுச்சி 1,244 மீற்றர். பாலத்து மேட்டையே ஏற்றம் என எண்ணி வளர்ந்த குடாநாட்டவர் ஒருவர் நாற்பது தொன்னுக்கு மேற்பட்ட பாரத்துடன் அதில் ஏறுவதை எண்ணிப் பார்க்க. அவ்வேற்றத்தில் லொறி இளைக்கத் தொடங்கிற்று, கரும்புகையும் கக்கிற்று. ஒரு கராச்சுக்காரர் பார்த்துவிட்டு, “டர்போ போதாது, பெரியது ஒன்று பூட்டினாற் சரி” என்றார். தோழரும் பல மாதச் சேமிப்பைக் கொடுத்து அவ்வாறே பூட்டுவித்தார். அன்றிலிருந்தே துன்பம் பெருகிற்று.

டர்போ என்பது யாது? கொல்லன் உலையை நினைப்போம். கரியை எவ்வளவு கொட்டினாலும் துருத்தி ஊதாவிடிற் புகையே மிஞ்சும். டீசல் எஞ்சினும் ஓர் உலைதான். ஒரு கிலோ டீசல் முற்றாக எரிவதற்கு ஏறத்தாழ 14½ கிலோ வளி வேண்டும். உருளைக்குள் இரண்டும் செவ்வனே கலக்க நேரம் போதாமையின், புகையின்றி எரிய 20 கிலோவுக்கு மேலும் வேண்டப்படும். 14 லீற்றர் எஞ்சின் நிமிடத்திற்கு 1800 முறை சுற்றும்போது, இரண்டு சுற்றுக்கு ஒரு முறையே தன் கொள்ளளவை நிரப்பிக்கொள்வதால், அது இழுக்கும் வளி 12,600 லீற்றர். நிறையிற் சொன்னால் நிமிடத்திற்கு 15 கிலோ. அவ்வளவு வளிக்கு ஏற்ற டீசலை மாத்திரமே எரிக்கலாம். மேலும் வலு வேண்டின், ஒன்றில் எஞ்சினைப் பெரிதாக்க வேண்டும். அன்றேல் வளியை நெருக்கி உட்செலுத்த வேண்டும்.

நெருக்கி உட்செலுத்துவதே டர்போவின் தொழில். முதுகோடு முதுகு ஒட்டிய இரு நத்தை ஓடுகளைப் போன்ற தோற்றமுடையது அது. ஓர் ஓட்டினுள் சுழலி, மற்றதனுள் அமுக்கி, இரண்டையும் இணைப்பது ஒரு சிறு தண்டு. எஞ்சின் கழிக்கும் சூடான புகை சுழலியைச் சுழற்ற, அமுக்கி வெளிவளியை இழுத்து நெருக்குகின்றது. பார லொறியின் டர்போ நிமிடத்திற்கு எண்பதினாயிரம், இலட்சம் முறை என்னும் அளவிற் சுழலும். நெருக்கிய வளி சூடேறும். 20 பாகை வெப்பமுள்ள வளியை மூன்று மடங்கு அமுக்கத்துக்குக் கொணர்ந்தால் அது 160 பாகை அளவுக்குச் சூடாகும். சூடான வளி விரிந்து அடர்த்தி குன்றுமாதலின், அதனை றேடியேற்றர் போன்ற இன்டர்கூலர் ஒன்றினூடு செலுத்தி 50 பாகை அளவுக்கு ஆற்றுவர். ஆறிய பின் அதே உருளையுள் முன்னையினும் இரண்டரை மடங்குக்கு மேற்பட்ட வளி அடங்கும்.

இவ்வெண்ணத்திற்கு 1905இல் உரிமை பெற்றவர் அல்பிரட் பியூக்கி என்னும் சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர். 1920களின் நடுவில் ஜேர்மனியின் இரண்டு பயணிகள் கப்பல்களில் டர்போ பூட்டியபோது எஞ்சின்களின் வலு 1,750 பரிவலுவிலிருந்து 2,500 ஆயிற்று. 1954இல் வொல்வோ நிறுவனம் தன் ரைற்றன் லொறியில் டர்போவைச் சேர்த்து 150 பரிவலுவை 185 ஆக்கிற்று. இடையில் 1952இல் நிகழ்ந்தது சுவையானது. இண்டியனாபொலிஸ் 500 மைல் ஓட்டப் பந்தயத்தில், கம்மின்ஸ் நிறுவனத்தின் டர்போ பூட்டிய டீசல் வண்டியை ஓட்டிய பிரெட் அகபாஷியன் தகுதி ஓட்டத்தில் எல்லோரையும் முந்தி முதலிடம் பெற்றார். பந்தய நாளிலோ அவ்வண்டி 71ஆம் சுற்றில் நின்றுவிட்டது. எஞ்சினின் வலு குறைந்ததாலன்று. வளி இழுக்கும் வாய் தாழ்வாக அமைந்திருந்தமையால், பாதையிற் கிடந்த ரயர்த் துணுக்குகளை உறிஞ்சி டர்போ அடைபட்டுப் போயிற்று. மூச்சுக்குழாய் அடைபட்டால் மல்லனும் விழுவான்.

இனி, பெரிய டர்போ ஏன் கேடு செய்தது என்பதைக் காண்போம். கோயிலிற் சப்பறமும் உண்டு, தேரும் உண்டு. இருபது பேர் கூடினாற் சப்பறம் நகரும். தேருக்கு அவ்விருபது பேர் போதார். எஞ்சின் மெல்லச் சுற்றும்போது கழியும் புகை சிறிது. சிறிய சுழலி அதற்கே எழுந்துவிடும். பெரியது அசையாது நிற்கும். பார லொறியின் எஞ்சின் பெரும்பாலும் 1200க்கும் 1800க்கும் இடைப்பட்ட சுற்றுக்களிலேயே உழைப்பது. தோழர் பூட்டிய டர்போவோ 1600ஐக் கடந்த பின்னரே விழித்தது. ஏற்றத்தில் கியர் மாற்றும்போது சுற்று 1300க்கு இறங்கும், டீசல் பாயும், வளி வராது. கரும்புகையே எழும். மெல்லச் சுழலும் பெரிய அமுக்கி சிலவேளை தான் நெருக்கிய வளியைத் தாங்கமாட்டாது பின்னே விட்டுவிட, நாய் குரைப்பது போன்ற ஒலியும் கேட்கும் என்றார்.

பருமன் ஒன்று மாத்திரம் அன்று. சுழலியின் ஓட்டுக்குள் புகை நுழையும் வாயின் பரப்பை, அவ்வாயின் நடுவிலிருந்து தண்டு வரையுள்ள தூரத்தால் வகுத்து ஓர் எண் தருவர். எண் சிறிதாயின் வாய் ஒடுக்கம். தோட்டத்துக் குழாயின் நுனியைப் பெருவிரலால் மறைத்தால் தண்ணீர் சீறுவது போலப் புகை சீறிச் சுழலியை விரைவில் எழுப்பும். ஆயின் அதிவேகத்தில் எஞ்சினையே மூச்சுத் திணறச் செய்யும். எண் பெரிதாயின் இதன் மறுதலை. மேலும், ஆறு உருளை எஞ்சினில் 1, 5, 3, 6, 2, 4 என்னும் முறையில் எரிதல் நிகழும். நோக்குக: முன் மூன்றில் ஒன்று, பின் மூன்றில் ஒன்று என மாறி மாறி வருகின்றது. ஆதலின் முன் மூன்றின் புகையையும் பின் மூன்றின் புகையையும் தனித்தனி வாய்க்கால்களிற் கொணரும் இரட்டை வாய் ஓடு, ஒவ்வொரு துடிப்பின் விசையையும் சிதறாது சுழலிக்குச் சேர்க்கும். பழைய டர்போவின் ஓடு அத்தகையது. புதிதாகப் பூட்டியதோ ஒற்றை வாய் உடையது. விலை குறைவு என்று கராச்சுக்காரர் சொன்னாராம்.

விளைவு யாது? சுழலிக்கு முன்னாற் புகையின் வெப்பம் 750 பாகையைத் தொட்டது. நெடிய ஏற்றத்தில் 650 பாகைக்கு மேல் விடலாகாது என்பது அந்நாட்டுச் சாரதிகளின் வழக்கு. வெப்பம் மிகின் சுழலியும் வால்வுகளும் உருளைத் தலையும் கெடும். இதனினும் கொடியது இறக்கத்திற் காத்திருந்தது. பார லொறிகளில் எஞ்சின் பிறேக் என ஒன்று உண்டு. உருளையுள் வளி முற்றாக நெருங்கிய கணத்திற் புகைவால்வைத் திறந்து அவ்வளியை வெளியேற்றிவிடும். நெருக்குவதிற் செலவான விசை எஞ்சினுக்குத் திரும்பாமையின் லொறி மட்டுப்படும். உள்ளே வளி எவ்வளவு மிகுதியோ அவ்வளவு பிடி மிகும். ஆதலின் டர்போ உறங்கினால் இந்தப் பிறேக்கும் வலு இழக்கும். ஒரு மாலை, பனித்தூறலில் உச்சியிலிருந்து இறங்கியபோது, வழமையான கியரில் எஞ்சின் பிடிக்கவில்லை. சில்லுப் பிறேக்குகளை மீண்டும் மீண்டும் மிதிக்க நேர்ந்தது. அவை சூடேறி மணத்தன. பிறேக் இழந்த லொறிகள் ஏறி நிற்பதற்கெனக் கூழாங்கல் நிரப்பிய கிளைப்பாதைகள் அச்சாலையில் உண்டு. அவற்றுள் ஒன்றைக் கடந்தபோது, அதனுள் திருப்புவதா விடுவதா என ஒரு கணம் எண்ணியதாகச் சொன்னார். திருப்பவில்லை. சொல்லும்போது அவர் கை குழாயைத் தடவிக்கொண்டிருந்தது. இரண்டு பெண்பிள்ளைகளின் தந்தை அவர்.

அடுத்த வாரம் அவர் நாடிய வேறொரு முதிய மெக்கானிக் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “டர்போவை மாற்றுமுன் வளிக்கசிவு பார்த்தனீரா?” பார்த்திருக்கவில்லை. வளி நுழையும் வாயை மூடி, சதுர அங்குலத்திற்கு 25 இறாத்தல் அமுக்கத்தில் வெளியிலிருந்து வளியைச் செலுத்திச் சவர்க்காரத் தண்ணீர் தெளித்தார் அவர். இன்டர்கூலரின் பின்னாலுள்ள இறப்பர்க் குழாயின் அடியில் நுரை பொங்கிற்று. எஞ்சின் சும்மா ஓடும்போது அவ்வெடிப்பு வாய்மூடிக் கிடக்கும். பாரம் ஏறினால் மாத்திரம் திறக்கும். பழைய டர்போ 30 இறாத்தல் அமுக்கம் தரவேண்டிய இடத்தில் 18 மாத்திரமே தந்தமைக்கு இதுவே காரணம். எமது மாணவர் கையிலிருந்து கைக்கு மாற்றிப் பார்த்தது அக்குழாயையே. அதன் விலை டர்போவின் விலைக்கு முன் ஒரு பொருட்டன்று.

எனவே, மாற்ற எண்ணுவோர் முதலிற் பழையதை விசாரித்தல் வேண்டும். வளிவடி அடைபட்டிருத்தல், புகைக்குழாய்ப் பொருத்துக்களிற் கசிவு, பழுதான எரிபொருள் தெளிகருவி ஆகியனவும் டர்போவின் நோய் போலவே தோற்றும். தண்டைக் கையால் அசைத்துப் பார்த்து, சில்லு ஓட்டில் உரசுகின்றதா எனக் காணலாம். தோழரின் பழைய டர்போவில் அவ்வுரசல் இருந்தமையின் அதனையும் மாற்றவே வேண்டியதாயிற்று. இம்முறை எஞ்சினின் கொள்ளளவு, உழைக்கும் சுற்றுக்கள், ஏற்றும் பாரம், ஏறும் உயரம் யாவும் கேட்டறிந்து, இரட்டை வாய் ஓடும் பழையதினும் ஒரு படி மாத்திரம் பெரிய அமுக்கிச் சில்லும் உடையதைத் தெரிந்தார் முதியவர். அந்நாட்டுப் புகைச்சட்டம் இடந்தருகின்றதா என்பதையும் முன்னரே பார்த்துக்கொண்டார். டீசலின் அளவைக் கூட்டவில்லை; கூட்டினால் கிளச்சும் கியர்ப்பெட்டியும் றேடியேற்றரும் அதனைத் தாங்குமா எனக் காணவேண்டும் என மறுத்துவிட்டார். அமுக்கம் காட்டும் மானியும் புகைவெப்பம் காட்டும் மானியும் சாரதியின் கண்முன் வைக்கப்பட்டன. இப்போது அதே ஏற்றத்தில் வெப்பம் 600 பாகையைத் தாண்டுவதில்லையாம்; முன்னையினும் ஒரு கியர் உயர்வாக ஏறுகின்றதாம்; இறக்கத்தில் எஞ்சின் பிடிக்கின்றதாம்.

புதிய டர்போ பூட்டுவோர் பெரிதும் தவறவிடுவது ஒயில் விடயம். இலட்சம் முறை சுழலும் தண்டு உலோகத்தைத் தொடாது ஒயிற் படலத்தில் மிதப்பது. முதன்முறை எஞ்சினை எழுப்புமுன் தண்டுக்கு ஒயில் ஊற்றி நனைத்தல் வேண்டும். கரி படிந்த பழைய ஒயிற்குழாயை மீளப் பூட்டலாகாது. முந்திய டர்போ உடைந்திருப்பின் அதன் துணுக்குகள் இன்டர்கூலருள் ஒளிந்திருக்கும். கழுவாது விட்டால் அவை எஞ்சினுட் போகும். உழைத்துச் சூடான எஞ்சினை உடனே நிறுத்துதலும் ஆகாது. நிறுத்தினால் ஒயிலோட்டம் நின்று, சூட்டில் எஞ்சிய ஒயில் கருகித் தண்டைப் பற்றும். மூன்று முதல் ஐந்து நிமிடம் மெல்ல ஓடவிட்டு நிறுத்துதலே முறை.

இரண்டாம் நாட் பேச்சு முடிந்தபோது பொழுது பட்டுவிட்டது. தோழரை விமான நிலையத்துக்கு ஏற்றிச்செல்லும் டீசல் வான், நெடுந்தூரம் ஓடிய சூட்டோடு கல்லூரி வாசலில் வந்து நின்றது. இளைஞரான சாரதி திறப்பைத் திருப்பக் கை வைத்தார். “பொறும் தம்பி, ஒரு மூன்று நிமிசம் ஓடட்டும்” என்றார் தோழர். சாரதி எம்மைப் பார்த்துச் சிரித்தார், ஆயினும் ஓடவிட்டார். அம்மூன்று நிமிடத்தில் தோழர் விடைபெற்று, குழாயை எம் கையில் தந்துவிட்டு வானில் ஏறினார். அது இப்போது விஞ்ஞான ஆய்வுகூடத்து மேசையில் இருக்கின்றது.