முப்பத்தேழு பெற்றும் தேறவில்லையா?

சில ஆண்டுகளுக்கு முன், பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியான வாரத்தில், அருப்புக்கோட்டையில் தறி நெய்யும் அன்பர் ஒருவர் மகளின் மதிப்பெண் தாளுடன் நம்மிடம் வந்தார். "சாமி, அறிவியலில் முப்பத்தேழு போட்டிருக்கிறது. முப்பத்தைந்து எடுத்தால் போதும் என்றுதானே சொல்கிறார்கள்? பிள்ளை ஏன் தேறவில்லை? அச்சுப் பிழையாக இருக்குமோ?" என்றார். பிழை அச்சில் இல்லை. தேர்ச்சி விதியை அவருக்கு எவரும் எடுத்துரைக்கவில்லை.

பத்தாம் வகுப்பில் பாடங்கள் ஐந்து. ஒவ்வொன்றுக்கும் 100 மதிப்பெண்கள். ஒவ்வொன்றிலும் 35 பெற்றாக வேண்டும். நம் சீமையில் மேலைக் கண்மாய் நிரம்பினால் மறுகால் பாய்ந்து கீழைக் கண்மாய்க்கு நீர் சேரும். மதிப்பெண் அவ்வாறு பாய்வதில்லை. தமிழில் 90 பெற்றவரும் கணக்கில் 34 பெற்றால் தேறாதவரே. அறிவியலிலோ விதி இன்னும் நுட்பமானது. எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25. எழுத்தில் 20, செய்முறையில் 15 எனத் தனித்தனியே எட்ட வேண்டும். அச்சிறுமி செய்முறையில் முழுமையாக 25 பெற்றிருந்தாள். எழுத்தில் பெற்றதோ 12.

பன்னிரண்டாம் வகுப்பிலும் இத்தகைய விதி உண்டு. பாடங்கள் ஆறு, ஒவ்வொன்றிலும் 35 வேண்டும். அதனுள், செய்முறையுள்ள பாடமாயின் எழுத்துத் தேர்வின் 70-இல் 15-ம், செய்முறையில்லாத பாடமாயின் 90-இல் 25-ம் குறைந்தது பெற வேண்டும். அக மதிப்பீட்டின் 10 மதிப்பெண்ணை மட்டும் நம்பியிருப்போர் இதனைக் கவனிப்பார்களாக.

தந்தையாரின் மனத்தில் வேறொரு கவலையும் இருந்தது. பிள்ளை 'பெயிலாகிவிட்டதால்' எல்லாம் வீணாயிற்று என்றெண்ணி, நூற்பாலைக்கு ஆள் சேர்க்கும் தரகரிடம் அவளை அனுப்ப ஒப்புக்கொண்டிருந்தார். திருச்சுழிப் பக்கத்து ஊர்களிலும் இதைக் கண்டிருக்கிறோம். மழை பொய்த்த ஆண்டில் தரகர் சொல் விரைவில் ஏறிவிடுகிறது.

தமிழர் பலர் வாழும் கனடாவின் ஒன்ராறியோ மாநிலத்தில், பள்ளிப் படிப்பை முடிக்க 30 'கிரெடிட்' சேர்க்க வேண்டும். ஒரு கிரெடிட் என்பது 110 மணி நேரப் பாடம். ஒன்றில் தவறினால் அது ஒன்றே போகும். சேர்த்தவை கையில் நிற்கும். அயல்நாட்டுச் சலுகை என வியக்க வேண்டாம். நம் விதியும் இவ்வகையில் அவ்வாறே. தேறிய பாடங்களை மீண்டும் எழுத வேண்டியதில்லை. தவறியதை மட்டும் சில வாரங்களில் வரும் துணைத்தேர்வில் எழுதித் தேறினால், அவ்வாண்டே பதினொன்றாம் வகுப்பில் சேரலாம். ஆனால் விண்ணப்பிக்கத் தரும் நாட்கள் சிலவே. முடிவு வந்த உடனே பள்ளிக்குச் சென்று விசாரிப்பது நலம்.

"அப்படியென்றால் நான்கு பாடம் கையில் இருக்கிறதா, சாமி?" என்று அவர் இருமுறை கேட்டார். இருக்கிறது, இன்னும் வேண்டியவை எட்டே மதிப்பெண்கள் என்றோம். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தறிக்குத் திரும்பாமல் நேரே பள்ளிக்கூடத்தை நோக்கி நடந்தார்.