பனிமூட்டத்தில் வந்த வேதாளம்



ஏற்காட்டுக்கு வந்திருக்கிறீர்களா? சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே வந்தால், ஏரிக்குப் பக்கத்தில் ஒண்டிக்கடை என்று ஓர் இடம். மழைக்காலத்தில் மாலை நான்கு மணிக்கே அங்கே பனிமூட்டம் இறங்கிவிடும். பத்தடி தூரத்தில் வருவது மாமாவா, மாடா என்று கூடத் தெரியாது!

அந்த நேரத்தில் வெளியே போய் விளையாட முடியுமா? முடியாது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு, ஒரு டம்ளர் சுக்குக் காபியோடு, படம் போட்ட மாயாஜாலக் கதைப் புத்தகத்தைப் பிரிக்க வேண்டியதுதான். அதைவிடச் சுகம் வேறென்ன இருக்கிறது?

ஆனால், 'படம் பார்ப்பதெல்லாம் படிப்பாகுமா?' என்று நினைத்தவன்தான் நானும். என் எண்ணத்தை மாற்றியவன் ஒரு நான்காம் வகுப்புச் சிறுவன்.

ராஜா எதுக்கு சார் பிணத்தைத் தூக்குறாரு?

1988ம் ஆண்டு. நான் மலையில் ஆசிரியராக இருந்தேன். அந்தச் சிறுவனின் அப்பா, அம்மா இருவரும் காபித் தோட்டத்தில் வேலை செய்தார்கள். காபிப் பழம் பறிக்கும் காலம் வந்தால், தம்பி, தங்கையைப் பார்த்துக்கொள்ள அவன் வீட்டிலேயே இருந்துவிடுவான். அதனால் நான்காம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக் கூட்டக் கஷ்டப்பட்டான்.

ஒரு நாள் பாடப் புத்தகத்துக்குள் வேறு எதையோ மறைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். பிடுங்கிப் பார்த்தேன். அட்டை கிழிந்த பழைய 'அம்புலிமாமா'!

"படம் பார்த்தது போதும், பாடத்தைப் படி" என்று அதட்டினேன். அவன் பயப்படவில்லை. "சார், இந்த ராஜா எதுக்கு சார் பிணத்தைத் தூக்கிட்டுப் போறாரு?" என்று கேட்டான்.

பதில் சொல்ல வாயைத் திறந்தவன், சட்டென்று நிறுத்திக்கொண்டேன். "அது கீழேயே எழுதியிருக்குப்பா. நீயே படிச்சு எனக்குச் சொல்லு" என்று புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

அப்புறம் என்ன நடந்தது? கடைசியில் சொல்கிறேன். முதலில் அந்தப் புத்தகத்தின் கதையைக் கேளுங்கள்.

நிலா மாமா பிறந்த கதை

நம் நாடு விடுதலை அடைவதற்கு ஒரு மாதம் முன்பு, 1947 ஜூலையில், சென்னையில் ஒரு சிறுவர் மாத இதழ் பிறந்தது. தெலுங்கில் 'சந்தமாமா', தமிழில் 'அம்புலிமாமா'. இரண்டுக்கும் நிலா மாமா என்றுதான் பொருள். பி. நாகிரெட்டி, சக்கரபாணி என்ற இரு நண்பர்கள் இதைத் தொடங்கினார்கள். கடோத்கஜன் வாய்க்குள் லட்டுகள் தாமாகவே பறந்து போகுமே, அந்த 'மாயா பஜார்' (1957) திரைப்படத்தைத் தயாரித்ததும் இவர்களுடைய விஜயா நிறுவனம்தான்!

நிலா மாமா மலையாளத்தில் 'அம்பிளி அம்மாவன்', மராத்தியில் 'சாந்தோபா', ஒரியாவில் 'ஜன்ஹமாமு' என்று வேறு வேறு பெயர்களில் உலா வந்தார். 12க்கும் மேற்பட்ட மொழிகளில் வந்த இதழ் இது. பார்வையற்ற குழந்தைகள் விரலால் தடவிப் படிக்க, பிரெயில் எழுத்திலும் ஒரு காலத்தில் வெளிவந்தது.

தூரிகை மாமா

இந்த இதழின் உயிர் அதன் படங்கள். எம்.டி.வி. ஆச்சார்யா, சித்ரா, வபா என்று பல ஓவியர்கள் அதில் வரைந்தார்கள். விக்கிரமாதித்தன், வேதாளம் என்றதும் பெரியவர்கள் கண் முன்னே வரும் படத்தை வரைந்தவர் சங்கர். முழுப் பெயர் கே.சி. சிவசங்கரன். 1924ல் கொங்கு நாட்டுக் கிராமம் ஒன்றில் பிறந்து, சிறு வயதிலேயே சென்னைக்கு வந்தவர். அவர் கைத்திறனைக் கண்டுகொண்டவர், பள்ளியின் ஓவிய ஆசிரியர்தான். "நீ ஓவியக் கல்லூரியில் சேர்" என்று வழிகாட்டினாராம். சங்கர் அப்படியே செய்தார். முதலில் 'கலைமகள்' இதழில் பணியாற்றிவிட்டு, 1950களின் தொடக்கத்தில் அம்புலிமாமாவுக்கு வந்தார். ஏறத்தாழ 60 ஆண்டுகள் அதில் வரைந்தார்!

ஒரு கையில் உருவிய வாள். தோளில் பிணம். சுற்றிலும் மயானம். விக்கிரமாதித்தன் அஞ்சாமல் நடக்கிறான். படத்தைப் பார்த்தால் நடுங்கத்தானே வேண்டும்? ஆனால் குழந்தைகள் நடுங்கவில்லை, 'அடுத்து என்ன?' என்று பக்கத்தைப் புரட்டினார்கள்.

ஏன் தெரியுமா? அந்தப் பக்கங்களில் மாயம் மட்டும் இருக்காது. நம் வீட்டுத் திண்ணை, கிணறு, பித்தளைக் குடம், மாட்டு வண்டி, கோயில் தூண் எல்லாம் இருக்கும். பழகிய வீட்டுக்கு விருந்தாளி வருவது போல மாயம் மெதுவாக உள்ளே வரும். அதனால்தான் பேய்க்கதை கூட, பாட்டி மடியில் படுத்துக் கேட்பது போல இதமாக இருந்தது.

கேள்வி கேட்கும் பேய்

வேதாளம் யாரையும் கடிக்காது. கதை சொல்லும், முடிவில் ஒரு கேள்வி கேட்கும். "பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் உன் தலை வெடித்துவிடும்" என்று மிரட்டும். ராஜா வாயைத் திறந்தால் மௌனம் கலைந்துவிடும். வேதாளம் மறுபடி முருங்கை மரத்தில் ஏறிவிடும்!

ஒரு பழைய வேதாளக் கதை சொல்லட்டுமா? நான்கு சகோதரர்கள் மந்திரம் கற்றார்கள். காட்டில் ஓர் எலும்பு கிடந்தது. முதலாமவன் அதற்குச் சதை கொடுத்தான். இரண்டாமவன் தோலும் ரோமமும் கொடுத்தான். மூன்றாமவன் மற்ற உறுப்புகளைக் கொடுத்தான். நான்காமவன் உயிர் கொடுத்தான். எழுந்தது சிங்கம்! நால்வரையும் கொன்றுவிட்டது. தவறு யாருடையது?

"நான்காமவன்தான். அது சிங்கம் என்று கண்ணால் பார்த்த பிறகும் உயிர் கொடுத்தானே" என்றான் விக்கிரமாதித்தன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

சுமார் 900 ஆண்டுகளுக்கு முன் காஷ்மீரத்தில் சோமதேவர் எழுதிய 'கதாசரித்சாகரம்' என்ற நூலில் இப்படி 25 வேதாளக் கதைகள் உள்ளன. அம்புலிமாமாவோ மாதாமாதம் கேட்டது! 25 எப்படிப் போதும்? புதிய கதைகளையும் வேதாளத்தின் வாயில் வைத்துப் பல்லாண்டுகள் தொடர்ந்தார்கள்.

நின்றது இதழ், நிற்கவில்லை கதை

2013 வாக்கில் அம்புலிமாமா நின்றுபோனது. 2020 செப்டம்பரில் ஓவியர் சங்கரும் மறைந்தார். 2021ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. விருதைக் கையில் வாங்க அவர் இல்லையே என்பதுதான் வருத்தம்.

ஆனாலும் படக்கதைகள் தீர்ந்துவிடவில்லை. சென்னையின் 'தூலிகா' பதிப்பகம் 1996 முதல் தமிழிலும் மற்ற இந்திய மொழிகளிலும் அழகான படப் புத்தகங்களை வெளியிட்டு வருகிறது. அரசுப் பள்ளிகளில் 2023ல் 'வாசிப்பு இயக்கம்' தொடங்கப்பட்டது. அதற்காக நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாகச் சின்னச் சின்னப் புத்தகங்கள் வந்தன. உங்கள் பள்ளியில் இருந்தால் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

சரி, அந்தச் சிறுவன் என்ன ஆனான்? திங்கட்கிழமை புத்தகத்தை வாங்கிப் போனவன், தினமும் இடைவேளையில் என் மேஜை அருகே வந்து நிற்பான். "சார், இது என்ன எழுத்து?" என்பான். ஒரு நாளைக்கு நாலு வரி, அப்புறம் பத்து வரி. வெள்ளிக்கிழமை மதியம் வகுப்பின் முன்னால் நின்று முழுக் கதையையும் சொன்னான். வேதாளத்தின் கேள்வி வந்ததும் நிறுத்தினான். "பதிலை நீங்க சொல்லுங்க" என்றானே பார்க்கலாம்! வகுப்பே இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடியது. வெளியே பனிமூட்டம், உள்ளே ஒரே சத்தம். நான் அதட்டவில்லை.

படம் அவனைக் கேள்வி கேட்க வைத்தது. கேள்வி அவனை எழுத்திடம் அழைத்துப் போனது. அன்றிலிருந்து எந்தக் குழந்தையிடமும் 'படம் பார்த்தது போதும்' என்று நான் சொன்னதில்லை.

குழந்தைகளே, இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டுப் பரணில் பழைய அம்புலிமாமா தொகுப்பு இருக்கிறதா என்று தாத்தா, பாட்டியிடம் கேளுங்கள். கிடைத்தால் தூசி தட்டிப் பத்திரப்படுத்துங்கள். கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். பக்கத்து நூலகத்தில் ஒரு படக்கதைப் புத்தகம் எடுங்கள். எழுத்துத் தெரியாத தம்பியையோ தங்கையையோ பக்கத்தில் உட்கார வைத்து, முதலில் படத்தைக் காட்டுங்கள். அவர்கள் கேள்வி கேட்கும் வரை காத்திருங்கள்.

கேட்டுவிட்டார்களா? வேதாளம் முருங்கை மரத்திலிருந்து இறங்கிவிட்டது என்று அர்த்தம்!