எக்சோஸைக் கழற்றும் முன் ஒரு கணக்கு

இரவு 10 மணிக்குப் பினாங்கு சூலியா தெருவில் நின்று பார்த்திருக்கிறீர்களா? மீ வண்டிகளில் சட்டி கொதிக்கும். ஐந்தடி நடையில் சுற்றுப்பயணிகள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். மோட்டார் வாடகைக்குக் கொடுக்கும் கடைக்காரர் வண்டிகளை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளிக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் எக்சோஸ் மாற்றிய பழைய மோட்டார் ஒன்று உறுமிக்கொண்டு போகும். தெருவில் எல்லாருடைய பேச்சும் பாதியில் நிற்கும். வண்டி முனை திரும்பிய பிறகுதான் விட்ட வாக்கியத்தைத் தொடர்வார்கள்.

சென்ற மாதம் படிவம் 4 மாணவன் ஒருவன் வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்தான். 16 வயது முடிந்து, உரிமம் எடுத்த கையோடு மாமாவின் பழைய ஆர்எக்ஸ்இசட் அவனுக்குக் கிடைத்திருக்கிறது. "சார், எக்சோஸ் மாத்தினா வண்டி இன்னும் வேகமா போகும்னு கூட்டாளிங்க சொல்றாங்க. உண்மையா?" என்று கேட்டான். நல்ல கேள்வி. ஆனால் ஒரு வரியில் பதில் சொல்ல முடியாத கேள்வி. அதனால் அவனிடம் முதலில் என் கதையைச் சொன்னேன்.

எனக்கு 19 வயதில் அப்பாவின் ஆர்எக்ஸ்இசட் வந்து சேர்ந்தது. அதன் எக்சோஸ் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. பழையபடி வாங்கிப் போட்டிருக்கலாம். நானோ கடையில் தொங்கிய குட்டையான, பளபளப்பான குழாய் ஒன்றை ஆசைப்பட்டு வாங்கி மாட்டினேன். சத்தம் பிரமாதம்! அன்று மாலையே ஆயர் ஈத்தாம் அணைக்கு ஏறும் மலைச் சாலைக்கு எடுத்துப் போனேன். முன்பு மூன்றாவது கியரில் ஏறிய வளைவில் வண்டி இரண்டாவது கியரிலும் திணறியது. முறுக்க முறுக்கக் கத்தியதே தவிர இழுக்கவில்லை. பட்டறைக்கார அண்ணன் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, சத்தத்தை வாங்கிட்டு இழுவையைக் கொடுத்துட்டியே" என்றார். ஏன் அப்படி ஆனது என்பதை நான் புரிந்துகொண்டது பல ஆண்டுகள் கழித்து, அலைகள் பாடத்தைப் பிறருக்குச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கியபோதுதான்.

1980களின் நடுவில் மலேசியச் சாலைகளுக்கு வந்த ஆர்எக்ஸ்இசட் ஒரு டூ ஸ்ட்ரோக் வண்டி. 133 சிசி. (தமிழ்நாட்டுப் படங்களில் நீங்கள் பார்க்கும் ஆர்எக்ஸ் 100 இதன் உறவுக்காரர்.) டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் புகை வெளியேறும் துளையைத் திறந்து மூடத் தனி வால்வு கிடையாது. பிஸ்டன் கீழே இறங்கும்போது துளை திறக்கும், மேலே ஏறும்போது மூடும். சிக்கல் என்னவென்றால், பழைய புகை வெளியே போகிற அதே நேரத்தில் புதிய பெட்ரோல் கலவையும் உள்ளே வந்துகொண்டிருக்கும். இரண்டு கதவும் ஒரே சமயத்தில் திறந்திருக்கும் வீடு மாதிரி. முன்வாசலில் வந்த விருந்தாளி பின்வாசல் வழியே போய்விடலாம். எரியாத பெட்ரோல் புகையோடு ஓடிப்போனால் அந்தப் பெட்ரோலும் வீண், சக்தியும் வீண்.

அதைத் தடுப்பது யார்? எக்சோஸ் குழாய்தான். டூ ஸ்ட்ரோக் வண்டியின் குழாய் ஏன் நடுவில் வயிறு பருத்து, பிறகு மறுபடி ஒடுங்குகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? அழகுக்காக அல்ல. துளை திறந்தவுடன் வெளியே பாயும் புகை ஓர் அழுத்த அலையாகக் குழாயில் ஓடுகிறது. குழாய் விரியும் இடத்தில் அந்த அலையின் ஒரு பகுதி தலைகீழாகத் திரும்பி, உறிஞ்சும் அலையாக எஞ்சினுக்கு வருகிறது. மிச்சப் புகையை வெளியே இழுத்துவிடுகிறது. மீதி அலை முன்னேறிப் போய், குழாய் குறுகும் கூம்பில் மோதி, அழுத்த அலையாகவே திரும்பி வருகிறது. வெளியே நழுவிய புதிய கலவையைத் துளை மூடும் முன் சிலிண்டருக்குள் தள்ளிவிடுவது இந்த இரண்டாவது அலைதான். வாசல்வரை போன விருந்தாளியைக் கையைப் பிடித்து அழைத்து வருவதுபோல.

எல்லாம் நேரத்தில் இருக்கிறது. சீக்கிரம் வந்தாலும் தவறு, தாமதமாக வந்தாலும் தவறு. இங்கேதான் கணக்கு வருகிறது. பென்சில் எடுங்கள்.

எஞ்சின் நிமிடத்துக்கு 8,000 முறை சுழல்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுழற்சிக்கு 60 ÷ 8,000 = 0.0075 வினாடி. புகைத் துளை ஏறக்குறைய பாதிச் சுழற்சிதான் திறந்திருக்கும், அதாவது 0.00375 வினாடி. இந்த நேரத்துக்குள் அலை போய்த் திரும்ப வேண்டும். ஒலியின் வேகம் வினாடிக்கு 343 மீட்டர் என்று மனப்பாடம் செய்திருப்பீர்கள். அது 20 டிகிரி செல்சியஸ் காற்றில். வாயுவின் வெப்பம் ஏறினால் ஒலியின் வேகமும் ஏறும், கெல்வின் வெப்பநிலையின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப. குழாய்க்குள் சராசரி 450 டிகிரி என்று கொண்டால் வேகம் சுமார் 540 மீட்டர். ஆக, 540 × 0.00375 = சுமார் 2 மீட்டர். போகவும் வரவும் சேர்த்து 2 மீட்டர் என்றால், அலை திரும்ப வேண்டிய கூம்பு துளையிலிருந்து ஏறக்குறைய 1 மீட்டர் தூரத்தில் இருக்க வேண்டும். மோட்டாரின் பாதி நீளத்துக்கு மேல் அந்தக் குழாய் ஓடுவது ஏன் என்று இப்போது புரிகிறதா?

இனி என் குட்டைக் குழாய்க்கு வருவோம். கூம்பு 0.7 மீட்டரில் இருந்தால் போக வர 1.4 மீட்டர். அலைக்கு ஆகும் நேரம் 0.0026 வினாடி. அந்த நேரம் சரியாகப் பொருந்த எஞ்சின் நிமிடத்துக்கு சுமார் 11,500 முறை சுழல வேண்டும். அப்பாவின் வண்டி அந்தச் சுழற்சியை எந்தக் காலத்திலும் தொட்டதில்லை. மலை ஏறும்போது 5,000, 6,000 சுழற்சியில் அலை மிக முந்தி வந்து போய்விடும். பிறகு துளை திறந்தே கிடக்கும், கலவை வெளியே ஓடும். வண்டி கத்தும், இழுக்காது. துல்லியமான வடிவமைப்புக்கு இதைவிட நிறையக் கணக்கு வேண்டும். ஆனால் நான் எங்கே ஏமாந்தேன் என்று காட்ட இது போதும்.

இந்தக் குழாய்க்கு ஒரு துப்பறியும் கதையே உண்டு. கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் தொழிற்சாலையில் வால்டர் காடன் என்ற பொறியாளர் 1950களில் இந்த அலை விளையாட்டைக் கருவிகள் வைத்து அளந்து, பந்தய வண்டிகளுக்குக் குழாய் வடித்தார். 1961இல் அவருடைய 125 சிசி எஞ்சின் சுமார் 25 குதிரைத்திறன் கொடுத்தது. அந்தக் காலத்தில் யாரும் நம்பாத எண் அது. அதே ஆண்டு அவர்களுடைய பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர், சுவீடன் பந்தயத்துக்குப் போனவர் நாடு திரும்பவில்லை. குழாயின் ரகசியத்தோடு ஜப்பானின் சுசுகி நிறுவனத்தில் சேர்ந்தார். 1962இல் சுசுகி வண்டியில் 50 சிசி உலகப் பட்டத்தை வென்றார். ஒரு தகரக் குழாய்க்காக நாடு விட்டு நாடு ரகசியம் பறந்தது!

சரி, சத்தத்துக்கு வருவோம். "சத்தம் கூடினால் சக்தி வெளியே வருகிறது" என்று பலர் நம்புகிறார்கள். அதையும் கணக்குப் போட்டுவிடலாம். 1 மீட்டர் தூரத்தில் 100 டெசிபல் என்பது காது கூசும் சத்தம். அதன் செறிவு சதுர மீட்டருக்கு 0.01 வாட். வண்டியைச் சுற்றி 1 மீட்டர் ஆரமுள்ள அரைக்கோளத்தின் பரப்பு சுமார் 6.3 சதுர மீட்டர். பெருக்கினால் 0.063 வாட். ஒரு சின்ன எல்இடி விளக்கு எடுத்துக்கொள்ளும் மின்சாரம் அவ்வளவு இருக்கும். எஞ்சினோ 10,000 வாட்டுக்கும் மேலே தரக்கூடியது. தெருவையே எழுப்பும் அந்தச் சத்தம் எஞ்சின் சக்தியில் ஒன்றரை லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. சைலன்சர் அடக்கி வைத்திருக்கும் "சக்தி" அவ்வளவுதான்.

சக்தியைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. குழாயை மாற்றினால் எஞ்சின் இழுக்கும் காற்றின் அளவும் மாறும். கார்புரேட்டரை அதற்கேற்பத் திருத்தாவிட்டால் கலவையில் பெட்ரோல் குறைந்து போகலாம். டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்கு மசகு எண்ணெய் அந்தக் கலவையோடுதான் வருகிறது. பெட்ரோல் குறைந்தால் சூடு ஏறும். பிஸ்டன் அலுமினியம், அது உரசும் சிலிண்டர் உட்சுவர் வார்ப்பிரும்பு. ஒரே அளவு சூட்டில் அலுமினியம் இரும்பைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு விரியும். 56 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டனுக்குக் கூடுதலாக 100 டிகிரி சூடேறினால் அது சுமார் 0.13 மில்லிமீட்டர் பெருக்கும். சுவர் அதில் பாதிதான் விலகும். இரண்டுக்கும் நடுவே விட்டிருக்கும் இடைவெளியே ஒரு தலைமுடியின் தடிமன் அளவுதான். இடைவெளி தீர்ந்த கணத்தில் பிஸ்டன் இறுகிப் பிடிக்கும், பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். நெடுஞ்சாலையில் 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது இது நடந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்கத் தேவையில்லை. எனக்கு நடந்தது வீட்டு முன்சந்தில், மெதுவாகப் போனபோது. முழங்கையில் தழும்பு இன்னும் இருக்கிறது.

ஃபோர் ஸ்ட்ரோக் காப்சாய் வண்டி வைத்திருப்பவர்கள், இது நமக்கில்லை என்று பக்கத்தைப் புரட்ட வேண்டாம். அதில் வால்வு இருப்பதால் கலவை அவ்வளவு எளிதாக ஓடிவிடாது. ஆனால் அங்கேயும் திரும்பி வரும் உறிஞ்சல் அலையை எதிர்பார்த்துத்தான் குழாயின் நீளம் முடிவு செய்யப்படுகிறது. புதிய வண்டிகளில் நச்சு வாயுவை மாற்றும் வினையூக்கியும் குழாய்க்குள்ளேயே இருக்கிறது. குழாயைக் கழற்றி எறிந்தால் அதுவும் போய்விடும்.

மறுபடி சூலியா தெருவுக்கு வாருங்கள். 1786இல் பிரான்சிஸ் லைட் வந்த பிறகு போடப்பட்ட முதல் தெருக்களில் இது ஒன்று. மாட்டு வண்டிக்கும் குதிரை வண்டிக்கும் போட்ட அகலம். இரண்டு பக்கமும் ஒட்டி ஒட்டிக் கடைவீடுகள், கெட்டியான சுண்ணாம்புச் சுவர்கள். திறந்த திடலில் தூரம் இரட்டிப்பானால் சத்தம் 6 டெசிபல் குறையும். இங்கே சுவருக்குச் சுவர் மோதித் திரும்புவதால் அப்படிக் குறையாது. நாகூர் தர்கா முனையில் முறுக்கினால் பல கடை தள்ளி மாடியில் தூங்குபவருக்கும் கேட்கும். இரவில் சாலைச் சத்தம் சராசரி 45 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியக் கிளை 2018இல் பரிந்துரைத்தது. தூக்கம் கெடுவது உடலுக்குக் கேடு என்பதுதான் காரணம்.

ஆனால் அதிகம் இழப்பவர் வண்டியில் உட்கார்ந்திருப்பவரே. தெருவாசிக்குச் சில வினாடிச் சத்தம். ஓட்டுபவருக்குப் பயணம் முழுவதும். 85 டெசிபல் என்றால் நாளுக்கு 8 மணி நேரம்வரை தாங்கலாம் என்பது வேலையிடங்களுக்குச் சொல்லப்படும் அளவு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு எத்தனை நிமிடம் என்று நீங்களே வகுத்துப் பாருங்கள்: 15 நிமிடம் வரும். உட்காதில் ஒலியை உணரும் நுண்மயிர் செல்கள் ஒருமுறை செத்தால் மனிதருக்குத் திரும்ப முளைப்பதில்லை.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகன ஒலிக்கென்றே 1987இல் சுற்றுச்சூழல் தர விதிமுறைகள் வந்தன. சாலைத் தடுப்பில் ஜேபிஜே அதிகாரி நிறுத்தினால் "கூட்டாளி சொன்னான்" என்பது பதிலாகாது.

அப்படியானால் பழைய வண்டியின் எக்சோஸைத் தொடவே கூடாதா? துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும். அதே மாடலுக்கு, அதே நீளத்துக்கு வடித்த குழாயாகப் பாருங்கள். எஞ்சினோடு சேரும் இடத்தில் பழைய கேஸ்கட்டை மறுபடி போடாதீர்கள். சில நாள் ஓட்டிய பின் அந்த இணைப்பைச் சுற்றிக் கரி படிந்திருந்தால் புகை கசிகிறது என்று பொருள். பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அதன் முனை தே தாரேக் நிறத்தில் இருந்தால் கலவை சரி. வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, உடனே பட்டறைக்குப் போக வேண்டும். பல சமயம் மாற்றவே தேவையிருக்காது. டூ ஸ்ட்ரோக் குழாயின் வாலில் உள்ள உள்குழாயில் எண்ணெய்க் கரி அடைத்துக்கொள்ளும். அதை உருவிச் சுரண்டினாலே வண்டி இலேசாகும். ஒன்று மட்டும்: மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிட்டுச் சோதிக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, நிறமில்லை.

மாணவன் கடைசியில் கேட்டான்: "உங்க வண்டி என்னாச்சு சார்?" பட்டறைக்கார அண்ணன் ஒரு பழைய அசல் குழாயைத் தேடிப் பிடித்து, கரியைச் சுரண்டி மாட்டிக் கொடுத்தார். பிஸ்டனும் புதிது போட வேண்டியிருந்தது. குட்டைக் குழாயின் விலையைவிட அதற்குத்தான் அதிகம் செலவானது. அடுத்த ஞாயிறு அணைச் சாலை வளைவை மூன்றாவது கியரிலேயே ஏறினேன். மேலே போய் நிறுத்தியபோது காட்டில் பூச்சிகள் கத்துவது கேட்டது.