பதினெட்டாம் எண் வீடு

ஆப்பிரிக்காவின் வடகோடியில் ஒரு காலும் தென்கோடியில் ஒரு காலும் ஊன்றி, இரு கைகளையும் விரித்துத் தந்திக் கம்பியைப் பிடித்தபடி நிற்கும் பிரிட்டிஷ் ஏகாதிபத்தியவாதி சிசில் ரோட்ஸ். வரலாற்றுப் புத்தகங்களில் அந்தக் கார்ட்டூனை நீங்களும் பார்த்திருக்கலாம். 1892 டிசம்பரில் லண்டன் ‘பஞ்ச்’ வாரப் பத்திரிகையில் வந்தது. வரைந்தவர் லின்லி சாம்பர்ன். முப்பது வருஷம் வாரப் பத்திரிகைகளுக்குப் படம் போட்டவன் நான். லண்டனில் இருக்கும் மகளிடம் நான் கேட்டது ஒன்றுதான்: அவர் வீட்டுக்குக் கூட்டிப் போ.

கென்சிங்டனில் ஸ்டாஃபோர்ட் டெரஸ், எண் 18. சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகளில் ஒன்று. குறுகல், ஆனால் உயரம். கல்யாணமான மறுவருஷம், 1875-ல், சாம்பர்னும் மனைவி மாரியனும் இங்கே குடிவந்தார்கள். வீடு கட்டிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன.

உள்ளே நுழைந்ததும் கண் இருட்டுக்குப் பழக வேண்டும். ஜன்னல்களில் வண்ணக் கண்ணாடி, சுவரில் வில்லியம் மாரிஸ் கம்பெனியின் பூவேலைக் காகிதம், அதன்மேல் கையகலம் இடம் விடாமல் படச் சட்டங்கள், அலமாரி விளிம்பெல்லாம் நீலமும் வெள்ளையுமான சீனப் பீங்கான். கொஞ்ச தூரத்தில்தான் பெரும் பணக்கார ஓவியர் லெய்ட்டன் தனக்கென்றே கட்டிக்கொண்ட மாளிகை இருக்கிறது. சாம்பர்னுக்கு அந்த வசதி இல்லை. ஆசை மட்டும் அதே அளவு. கிட்டப் போய்ப் பார்த்தால் சுவரில் இருப்பவற்றில் பல, அசல் ஓவியங்களின் நகல்களும் புகைப்படங்களும். பத்திரிகைச் சம்பாத்தியத்தில் ஒரு மனுஷன் பார்த்துப் பார்த்துச் சேர்த்த வீடு இது. லெய்ட்டனின் மாளிகையைவிட எனக்கு இதுதான் பெரிதாகத் தெரிந்தது.

அந்நாளில் சாம்பர்ன் வேலை பார்த்த ‘பஞ்ச்’ ஆசிரியர் குழு புதன்கிழமை இரவு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும். அந்த மேஜையில்தான் அந்த வாரப் பெரிய கார்ட்டூனுக்கு விஷயம் முடிவாகும். வெள்ளிக்கிழமை படம் கைக்கு வந்தாக வேண்டும். நடுவில் ஒரு பகல், ஒன்றரைப் பகல். குதிரை, பீரங்கி, பாதிரியார் அங்கி, எதுவானாலும் துல்லியமாக இருக்க வேண்டும் என்பது சாம்பர்னின் பிடிவாதம். அவ்வளவையும் மனசிலிருந்து போட முடியுமா? 1880-களில் கேமராவைக் கையில் எடுத்தார். மாதிரிக்கு வேறு யாரும் கிடைக்காவிட்டால் தானே வேஷம் கட்டி நின்றார். பிள்ளைகளையும் வேலைக்காரர்களையும் நிற்கவைத்தார். இப்படி ஆயிரக்கணக்கில் சேர்ந்த படங்கள் இன்றும் இருக்கின்றன. ராணியும் பிரதமரும் போல நிற்பவர்கள் அந்த வீட்டுக் கொல்லைப்புறத்தில் நிற்கிறார்கள்.

அதே கேமராவால் மாரியன் ஊரில் இல்லாத நாட்களில் நிர்வாண மாடல்களைப் படமெடுத்தார். தெருவில் போகும் பெண்களை அவர்களுக்குத் தெரியாமலும் எடுத்தார். வேலைக்காக என்று சொல்லி அதை என்னால் கடந்துபோக முடியவில்லை. மாரியனோ 1881 முதல் சாகும்வரை நாட்குறிப்பு எழுதியவர். விருந்து, வேலைக்காரர்கள், கடைச் செலவு, உடம்புக்கு வந்தது என்று அந்த வீட்டின் மூச்சு முழுக்க அதில் இருக்கிறது. படங்களை மட்டும் வைத்து இந்த வீட்டைப் புரிந்துகொள்ள முடியாது. அவர் எழுத்தும் வேண்டும்.

சாம்பர்ன் 1910-ல் போனார், மாரியன் 1914-ல். பிறகு கல்யாணம் செய்துகொள்ளாத மகன் ராய் 1946 வரை இங்கே தனியாக இருந்தார். அப்பா வைத்த நாற்காலியை நகர்த்தவில்லை. அவருக்குப் பின் அக்கா மாட், அவருக்குப் பின் மாடின் மகள் ஆன். ரோஸ் பிரபுவின் மனைவி. (இளவரசி மார்கரெட்டை மணந்த ஆண்டனி ஆர்ம்ஸ்ட்ராங் ஜோன்ஸ், ஆனின் முதல் திருமணத்துப் பிள்ளை.)

ஆன் காலத்தில் விக்டோரியா காலத்துச் சாமான் என்றாலே லண்டனில் முகம் சுளிப்பார்கள். அடைசல், அசிங்கம், இடித்துத் தள்ளு என்பதே பேச்சு. யூஸ்டன் ரயில் நிலையத்தின் பிரம்மாண்டமான கல் வளைவையே 1961-ல் இடிக்க ஆரம்பித்தார்கள். அதற்கு நாலு வருஷம் முன்பே, 1957 நவம்பரில், ஆன் இந்த வீட்டுக் கூடத்தில் நண்பர்களைக் கூட்டி, அந்தக் காலத்துக் கட்டடங்களைக் காக்க ஒரு சங்கம் வேண்டும் என்றார். அடுத்த ஆண்டு விக்டோரியன் சொசைட்டி பிறந்தது. கவிஞர் பெட்ஜமன் தொடக்கத்திலேயே அதில் சேர்ந்தார். அந்தச் சங்கம் இன்றும் வேலை செய்கிறது.

1980-ல் ஆன் வீட்டை உள்ளே இருந்த சாமான்களோடு கிரேட்டர் லண்டன் கவுன்சிலுக்கு விற்றார். இப்போது கென்சிங்டன் செல்சி உள்ளாட்சியின் பொறுப்பில் அருங்காட்சியகமாக இருக்கிறது. மேலே குளியலறையில் ஒரு பளிங்குத் தொட்டி. சாம்பர்ன் படங்களைக் கழுவியது அதில்தானாம். கையில் மை காய்ந்த ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரியை நினைத்தபடி அதன் முன்னால் நின்றேன். “அப்பா, மூடப் போறாங்க” என்று மகள் இரண்டு முறை கூப்பிட்ட பிறகே படியிறங்கினேன்.