கார்ட்டிசோன் கிடைத்த வரலாறு

இரண்டு சிறுநீரகங்களின் உச்சியிலும், கொழுப்பில் பொதிந்து, ஒவ்வொன்றும் நாலைந்து கிராம் எடையே உள்ள அட்ரினல் என்னும் இரண்டு சிறு சுரப்பிகள் இருக்கின்றன. பதினாறாம் நூற்றாண்டிலேயே இத்தாலிய உடற்கூற்று அறிஞரான யூஸ்டேக்கியஸ் இவற்றைக் கண்டு படம் வரைந்து வைத்தாரெனினும், இவை எதன்பொருட்டுச் சரீரத்தில் அமைந்தன என்பது அதற்குப் பின் ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் வரையில் எவருக்கும் விளங்கவில்லை. லண்டன் மாநகரத்தில் கைஸ் ஆஸ்பத்திரியில் வைத்தியராயிருந்த தாமஸ் அடிசன் என்பவர், காரணம் புலப்படாமல் நாளுக்கு நாள் சோர்ந்து, மெலிந்து, உணவில் வெறுப்புற்று, மேனி கறுத்து மாண்டுபோன நோயாளிகள் சிலரின் பிரேதங்களைச் சோதித்து, அவர்களில் பலருக்கு இச்சுரப்பிகள் க்ஷயரோகத்தால் சிதைந்திருந்ததைக் கண்டறிந்து, 1855-ஆம் ஆண்டில் 11 பேருடைய விருத்தாந்தத்தைச் சிறு நூலாக வெளியிட்டார். மறு ஆண்டே பாரிஸில் பிரௌன்-ஸெக்கார்டு என்ற விஞ்ஞானி பிராணிகளின் அட்ரினல் சுரப்பிகளை அறுத்தெடுத்துப் பார்த்தார். அவை விரைவில் மடிந்தன. இவையின்றி உயிர் தரிக்க இயலாது என்பது அப்போதுதான் உலகத்துக்குத் தெரிந்தது.

ஒரே சுரப்பி என்று சொன்னாலும், உண்மையில் ஓர் உறைக்குள் இரண்டு சுரப்பிகள் அடங்கியிருக்கின்றன. உட்பகுதியில் ஊறுவது அட்ரினலின். திடீரென்று அபாயம் நேரிடுகையில் நெஞ்சு படபடப்பதும், கண்மணி விரிவதும், கை நடுங்குவதும் அதன் செயல். ஜப்பானியரான ஜோகிச்சி டகமினே 1901-இல் அதைப் படிகமாகப் பிரித்தெடுத்துக் காட்டினார். ஆயினும் உயிருக்கு ஆதாரமாயிருப்பது வெளிப்புறத்துப் பட்டையே. அதன் மேலடுக்கில் உண்டாகும் ஆல்டோஸ்டிரோன், உடலில் உப்பையும் நீரையும் காத்து ரத்த அழுத்தத்தைத் தாங்குகிறது. நடு அடுக்கில் உண்டாகும் கார்ட்டிசால், பட்டினியிலும் ரத்தத்தில் சர்க்கரை குன்றாமல் பார்ப்பதோடு, காயமும் நோயும் தாக்கும்போது உடலின் தற்காப்புச் சேனை எல்லை மீறிச் சொந்தத் தசையையே எரித்துவிடாதபடி அதனை அடக்கியும் வைக்கிறது. விடியற்காலையில் பெருகி நள்ளிரவில் மிகக் குறையும் இந்த ஹார்மோனை எவ்வளவு சுரக்க வேண்டும் என்று கட்டளையிடுவது, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி. ரத்தத்தில் கார்ட்டிசால் போதுமான அளவு இருக்குமானால் பிட்யூட்டரி கட்டளையை நிறுத்திக்கொள்ளும். பின்னால் சொல்லப்போகும் அபாயத்துக்கெல்லாம் இதுவே மூலமாதலால், வாசகர் இந்த ஏற்பாட்டைச் சற்றே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

அமெரிக்காவில் மினசோட்டா மாகாணத்து ராச்செஸ்டர் நகரில் மேயோ கிளினிக் என்ற பிரசித்தி பெற்ற வைத்தியசாலை உண்டு. அங்கே முடக்குவாதப் பிரிவை நடத்திவந்த பிலிப் ஹென்ச் என்பவரிடம் 1929-ஆம் ஆண்டில் ஒரு நோயாளி வந்தார். வந்தவரும் ஒரு வைத்தியரே. தமக்கு மஞ்சட்காமாலை கண்ட மறுநாளிலிருந்து மூட்டுவலி மாயமாய் மறைந்துவிட்டதென்றும், காமாலை தெளிந்த பின்னும் அந்தச் சுகம் நீடித்ததென்றும் அவர் சொன்னார். முடக்குவாதமோ ஒருமுறை பற்றினால் விடாத வியாதி. அதைத் தணிக்க அந்நாளில் உருப்படியான ஔஷதம் எதுவும் கிடையாது. இப்படிப்பட்ட செய்தியைத் தற்செயலென்று கேட்டு மறந்துவிடுவதே பெரும்பாலோர் இயல்பாயிருக்க, ஹென்ச் அதைப் பற்றிக்கொண்டு, அதைப் போன்ற நோயாளிகளைத் தேடித் தேடிக் குறித்து வந்தார். கர்ப்பிணிப் பெண்களுக்கும் முடக்குவாதம் தணிவதை அவர் கண்டார். காமாலை ஆணுக்கும் வரும், கர்ப்பமோ பெண்ணுக்கே உரியது. ஆகையால் இவ்விரு நிலைகளிலும் பொதுவாகப் பெருகும் ஏதோ ஒரு பொருள் உடலுக்குள்ளேயே இருக்க வேண்டும், சில வாரங்களாவது விலகுகிற நோய் மீட்க முடியாத நோயாக இருக்க இயலாது என்று அவர் ஊகித்தார். நோயாளி சொல்லும் வார்த்தையைச் செவிகொடுத்துக் கேட்பது வைத்தியருக்கு எத்தனை பெரிய சக்தி என்பதற்கு இதைவிட மேலான உதாரணம் ஒன்றை நான் அறியேன்.

அதே மேயோ கிளினிக்கில் எட்வர்டு கெண்டல் என்ற ரசாயன அறிஞர், மாட்டின் அட்ரினல் சுரப்பிகளைக் குவியல் குவியலாக வாங்கி அரைத்து வடித்து, பட்டையிலுள்ள பொருள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எழுத்துக்களால் பெயரிட்டு வந்தார். ஸ்விட்ஸர்லாந்தில் பேஸல் நகரத்து டடேயஸ் ரைக்ஸ்டைன் என்பவரும் தனியே அதே வேலையில் ஈடுபட்டிருந்தார். கெண்டல் ‘ஈ’ என்று குறித்த பொருளை முடக்குவாதத்தில் பிரயோகித்துப் பார்க்க வேண்டுமென்று அவரும் ஹென்ச்சும் 1941-ஆம் ஆண்டிலேயே பேசிக்கொண்டபோதிலும், பிரயோகிப்பதற்குப் பொருள்தான் இல்லை. அது இரண்டாம் மகாயுத்தக் காலம். ஜெர்மானிய விமானிகள் அட்ரினல் சாற்றின் பலத்தால் வெகு உயரத்தில் களைப்பின்றிப் பறக்கிறார்கள் என்று ஒரு வதந்தி பரவ, அமெரிக்க அரசாங்கம் இந்த ஆராய்ச்சிக்குத் தாராளமாக ஊக்கமளித்தது. வதந்தி பொய்யேயாயினும் அதனால் நன்மை விளைந்தது. மெர்க் கம்பெனியைச் சேர்ந்த லூயிஸ் ஸாரெட், மாட்டின் பித்தநீரிலிருந்து தொடங்கி, முப்பதுக்கு மேற்பட்ட ரசாயனப் படிகளைக் கடந்து, அந்த ‘ஈ’யைச் செயற்கையாகவே செய்து முடித்தார்.

1948-ஆம் ஆண்டு செப்டம்பர் 21-ஆம் தேதி, அப்படிச் செய்த மருந்து முதன்முதலாக ஒரு முடக்குவாத நோயாளிக்கு ஊசிமூலம் செலுத்தப்பட்டது. அவள் 29 வயதுப் பெண். சில ஆண்டுகளாக மூட்டுக்கள் வீங்கி, படுக்கையில் புரண்டு படுப்பதற்கும் வல்லமையற்றிருந்தவள். நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் வீதம் கொடுத்து வர, இரண்டு மூன்று நாளில் வலி தணிந்தது. ஒரு வாரத்துக்குள் அவள் எழுந்து நடந்து கடைவீதிக்குப் போய் வந்தாள். மேலும் பல நோயாளிகளிடம் சோதித்தபின், 1949 ஏப்ரலில் ஹென்ச்சும் அவருடைய சகாக்களும் இச்செய்தியை வைத்தியர் சபையில் வெளியிட்டனர். மறு ஆண்டே ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது. கார்ட்டிசாலுக்கு நெருங்கிய இனமான அந்த மருந்துக்கு இட்ட பெயர்தான் கார்ட்டிசோன். தொடக்கத்தில் பொன்னினும் பன்மடங்கு விலையுயர்ந்திருந்த அது, 1952-இல் அப்ஜான் கம்பெனியார் மெக்ஸிகோ தேசத்துக் காட்டுக் கிழங்கிலிருந்து கிடைத்த பொருளை ஒருவகைப் பூஞ்சணத்தின் உதவியால் மாற்றும் வழியைக் கண்டபின், சாமானிய ஜனங்களுக்கும் எட்டுவதாயிற்று.

ஆனால் அந்த முதற்பெண்ணின் கதை கடைவீதியோடு முடியவில்லை. மருந்தை நிறுத்தியதும் வலி திரும்பிற்று. நிறுத்தாது தொடர்ந்தபோதோ முகம் உருண்டு வீங்கிற்று, மனம் நிலைகொள்ளாமல் தடுமாறிற்று. ஹார்வி குஷிங் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணர் 1932-இல் வர்ணித்திருந்த பிட்யூட்டரிக் கட்டி நோயாளிகளின் அதே உருவத்தை, கார்ட்டிசோனால் சுகமடைந்த நோயாளிகளிடமும் வைத்தியர்கள் காணத் தொடங்கினர். அதில் ஆச்சரியத்துக்கு இடமில்லை. உடல் தனக்கென்று நாள்தோறும் சுரந்துகொள்ளும் கார்ட்டிசால் பத்து, இருபது மில்லிகிராம் அளவே. நோயை அடக்கக் கொடுத்ததோ அதைப் போல் பல மடங்கு. அந்த அளவில் நெடுநாள் உட்கொண்டால் எலும்பு உளுத்துப்போகிறது, சர்க்கரை ஏறுகிறது, ரத்த அழுத்தம் கூடுகிறது, கண்ணில் புரை விழுகிறது, தோல் மெலிந்து வரிவரியாய்க் கிழிகிறது, குழந்தைகளுக்கு வளர்ச்சி தடைப்படுகிறது. நோய்க்கிருமிகளை எதிர்க்கும் வலிமையும் குன்றுகிறது. ஸ்டீராய்டு என்று பொதுவாக அழைக்கப்படும் இவ்வினத்தில் பின்வந்த பிரெட்னிசோலோனும் டெக்ஸாமெத்தசோனும் உப்பைத் தேக்கிவைக்கும் தொல்லையைக் குறைத்தனவேயன்றி, மற்றவற்றை நீக்கவில்லை.

இவற்றைவிடப் பெரிய அபாயம் மருந்தைத் திடீரென்று விடுவதில் இருக்கிறது. வெளியிலிருந்து மாத்திரை வந்துகொண்டிருக்கும் வரையில் பிட்யூட்டரி கட்டளையிடுவதில்லை. கட்டளை வராத அட்ரினல், இறைக்காத கிணற்றின் ஊற்றுக்கண் தூர்ந்துபோவது போலச் சுருங்கிவிடுகிறது. சில வாரங்களுக்கு மேல் உட்கொண்டவர் ஒரு நாள் தாமாகவே மாத்திரையை நிறுத்தினால், அடிசன் கண்ட நோயாளிகளின் நிலைமை அவருக்கு உண்டாகக்கூடும்: சோர்வு, வாந்தி, மயக்கம், ரத்த அழுத்த வீழ்ச்சி, சில வேளைகளில் மரணம். காய்ச்சலோ அறுவைச் சிகிச்சையோ விபத்தோ நேரும்போது நல்ல சுரப்பி பல மடங்கு சுரந்து உடலைக் காக்கும். சுருங்கிய சுரப்பியால் அது இயலாதாகையால், அப்போது மருந்தின் அளவைக் கூட்டவும் நேரிடும். நிறுத்தும்போது அளவை வைத்தியர் படிப்படியாகக் குறைத்துவருவதன் காரணமும் சுரப்பியின் இந்தச் சுருக்கமே.

இவ்வளவும் படித்துவிட்டு ஸ்டீராய்டு என்றாலே விஷமென்று எண்ணுவது அதற்குச் சமமான தவறு. அட்ரினல் அழிந்தோருக்கு அது நாள்தோறும் வேண்டிய உயிர்ப்பொருள்; அமெரிக்க ஜனாதிபதியாயிருந்த ஜான் கென்னடி அடிசன் நோயுடையவராயிருந்தும் அப்பதவியை வகித்தது இம்மருந்துகளின் துணையால்தான். ஆஸ்துமாவுக்கு இன்ஹேலரில் வரும் ஸ்டீராய்டு மிகச் சிறிய அளவில் நுரையீரலுக்கே போய்ச் சேர்வது. அதற்கு அஞ்சி இன்ஹேலரை ஒதுக்கி மூச்சுத்திணறிப் போகும் பிள்ளைகளின் துன்பம் வீண் துன்பம். தொழுநோய் எதிர்விளைவில் நரம்புகள் செத்துக் கைகால் முடங்காமல் காப்பதும், சிறுநீரில் புரதம் கழிந்து உடல் வீங்கும் குழந்தைகளைத் தேற்றுவதும் பிரெட்னிசோலோனே.

நியூஸிலாந்தில் ஆக்லாண்டு நகரத்து கிரஹாம் லிக்கின்ஸ் என்ற மகப்பேற்று வைத்தியர், ஆடுகளில் பிரசவம் எப்படித் தொடங்குகிறதென்று ஆராய்ந்துகொண்டிருந்தபோது, ஸ்டீராய்டு பெற்ற குறைமாதக் குட்டி ஒன்று, பிழைக்க முடியாத பருவத்தில் பிறந்தும் மூச்சுவிடுவதைக் கண்டார். ராஸ் ஹோவி என்ற குழந்தை வைத்தியரோடு சேர்ந்து அவர் 1972-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, குறைமாதப் பிரசவம் நேரக்கூடிய தாய்க்கு முன்கூட்டியே ஊசி போட்டால் சிசுவின் நுரையீரல் விரைவில் முதிர்ந்து, பல சிசுக்கள் பிழைக்கின்றன என்று காட்டிற்று. இவ்வளவு மலிவான ஊசியை உலகம் பரவலாகக் கைக்கொள்ள மேலும் இருபது ஆண்டுகள் சென்றன. அதற்குள் எத்தனை குழந்தைகள் வீணே மாண்டிருக்கும் என்று நினைக்க நெஞ்சு பதறுகிறது.

அளவும் வேளையுமே இம்மருந்தில் எல்லாம் என்பதை 2020-ஆம் ஆண்டின் கொரோனாக் காலம் எல்லோருக்கும் காட்டிற்று. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் நடத்திய பெருஞ்சோதனையில், தினம் 6 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் பெற்றவர்களுள், வெண்டிலேட்டரில் இருந்தோரின் மரணம் மூன்றில் ஒரு பங்கும், பிராணவாயு மட்டும் பெற்றோரின் மரணம் ஐந்தில் ஒரு பங்கும் குறைந்தன. பிராணவாயு தேவைப்படாதவர்களுக்கோ யாதொரு நன்மையும் இல்லை. ஆயினும் மறு ஆண்டில் நம் தேசத்தில் லேசான காய்ச்சலுக்கும் அதை அள்ளி விழுங்கியவர்கள் பலர். சர்க்கரை வியாதியோடு இந்த மிதமிஞ்சிய பிரயோகமும் சேர்ந்ததால், கரும்பூஞ்சை நோய் கண்ணையும் உயிரையும் கொள்ளைகொண்டது.

நம்முடைய கடைவீதிகளில் இந்தத் தவறு இன்னும் நடந்துகொண்டேயிருக்கிறது. முகம் சிவக்க வேண்டுமென்று பெண்கள் பூசும் களிம்புகளிலும், படர்தாமரைக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் களிம்புகளிலும் வீரியமுள்ள ஸ்டீராய்டு கலந்திருப்பதுண்டு. பூசிய சில நாளில் அரிப்பு அடங்கும், உள்ளே பூஞ்சை பரவும், முகத்தோல் மெலிந்து வெயில் பட்டாலே எரியும். சீட்டின்றி அவற்றை விற்கலாகாதென்று 2018-இல் மத்திய அரசு விதித்திருக்கிறது. விதி ஏட்டில் இருந்தால் போதாது. மூட்டுவலிக்கும் இளைப்புக்கும் பெயரற்ற பொட்டலங்களில் விற்கும் பொடிகளிலும் ஸ்டீராய்டு மறைந்திருக்கக் கண்டதுண்டு. இரண்டே நாளில் எந்தப் பொடி பூரண சுகம் தருகிறதோ அந்தப் பொடியைச் சந்தேகியுங்கள்.

உங்கள் இல்லத்தில் யாரேனும் நெடுநாளாக ஸ்டீராய்டு மாத்திரையை உட்கொண்டு வந்தால், தாமாக நிறுத்தாதபடி அவரைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாத்திரையின் பெயரையும் அளவையும் ஒரு சீட்டில் எழுதி எப்போதும் அவர் சட்டைப்பையில் இருக்கும்படி செய்யுங்கள். விபத்து நேர்ந்து நினைவிழந்த நிலையில் அவர் ஆஸ்பத்திரியை அடைந்தால், அங்குள்ள வைத்தியர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி அச்சீட்டில்தான் இருக்கும்.