எங்க ஊரு டி.வி.!



உங்கள் வீட்டு டி.வி.யில் எத்தனை சேனல் வருகிறது? நூறு? இருநூறு? சரி, அதில் உங்கள் ஊரைப் பற்றி மட்டுமே பேசுகிற சேனல் எத்தனை? உங்கள் ஊர் வாய்க்காலில் தண்ணீர் வராததையும், உங்கள் ஊர்ப் பாட்டி சொல்லும் கதையையும், உங்கள் ஊர்ப் பேச்சிலேயே காட்டுகிற சேனல் ஒன்றாவது இருக்கிறதா?

பெரும்பாலும் "இல்லை" என்றுதான் சொல்வீர்கள். ஆனால், இந்தியாவில் ஒரு குட்டிக் கிராமத்தில் அப்படி ஒரு டி.வி. நிலையம் இருந்தது. அதுவும் 1975-ஆம் ஆண்டிலேயே! அதன் பெயர் பீஜ் டி.வி. அந்த நிலையம் எப்படிப் பிறந்தது, என்ன செய்தது, கடைசியில் அதற்கு என்ன ஆனது என்று பார்ப்போமா? இந்தக் கதையின் முடிவில் நம் சென்னையும் வருகிறது. பொறுமையாகப் படியுங்கள்!

பால் ஊரில் ஒரு டி.வி.

குஜராத் மாநிலத்தில் கேடா என்று ஒரு மாவட்டம். அகமதாபாத்துக்குத் தெற்கே இருக்கிறது. இந்தப் பெயரை வரலாற்றுப் பாடத்தில் பார்த்திருப்பீர்கள். 1918-இல் விளைச்சல் பொய்த்தபோது வரி கட்ட முடியாத விவசாயிகளுக்காகக் காந்தியடிகள் சத்தியாகிரகம் நடத்தியது இங்கேதான். சர்தார் வல்லபாய் பட்டேல் பிறந்த நடியாத் ஊரும் இங்கேதான் இருக்கிறது.

இன்னொரு பெருமையும் உண்டு. அமுல் பால், அமுல் வெண்ணெய் சாப்பிட்டிருப்பீர்களே? அதைத் தயாரிக்கும் பால் கூட்டுறவு 1946-இல் தொடங்கியது இந்த மாவட்டத்தில்தான். (அமுல் இருக்கும் ஆனந்த் ஊர் 1997-இல் தனி மாவட்டமாகப் பிரிந்துவிட்டது.)

இந்தக் கேடாவில் நடியாத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கிராமம்தான் பீஜ். 1975-இல் அந்தக் கிராமத்தில் ஒரு கோபுரம் எழுந்தது. அதோடு ஒரு டிரான்ஸ்மிட்டரும் வந்தது. டிரான்ஸ்மிட்டர் என்றால், டி.வி. நிகழ்ச்சிகளை அலைகளாக மாற்றிக் காற்றில் அனுப்பும் கருவி.

அப்போது இந்தியாவில் டி.வி. என்பது அதிசயப் பொருள். 1959-இல் டெல்லியில் தொடங்கிய டி.வி., 1972-இல்தான் மும்பைக்கு வந்தது. சென்னைக்கு வந்தது 1975 ஆகஸ்ட் 15-இல். அதாவது சென்னை நகரம் முதன்முதலாக டி.வி. பார்த்த அதே ஆண்டில், குஜராத்தின் ஒரு கிராமத்திலும் டி.வி. வந்துவிட்டது!

வானத்தில் ஒரு விருந்தாளி

"அது எப்படி? பெரிய நகரங்களுக்கே வராத டி.வி. கிராமத்துக்கு எப்படிப் போனது?" என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி!

நம் விண்வெளி விஞ்ஞானி விக்ரம் சாராபாய்க்கு ஒரு கனவு இருந்தது. "டி.வி. முதலில் கிராமங்களுக்குப் போக வேண்டும். படிக்கத் தெரியாதவர்களுக்கும் படம் பார்த்தால் விஷயம் புரியும்" என்பதுதான் அவருடைய எண்ணம். கனவு நிறைவேறுவதற்கு முன்பே, 1971-இல் அவர் காலமாகிவிட்டார்.

அவருடைய எண்ணத்தை இஸ்ரோ விடவில்லை. அமெரிக்காவின் நாசா, ஏ.டி.எஸ்.-6 என்ற செயற்கைக்கோளை ஓர் ஆண்டுக்கு இந்தியாவுக்காக இயக்கியது. 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை அந்த விண்வெளி விருந்தாளி நமக்காக வேலை செய்தது. ஆந்திரா, கர்நாடகா, ஒரிசா, பீகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் ஆகிய ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்கள் அதன் வழியாக டி.வி. பார்த்தன. இந்தத் திட்டத்தின் பெயர் 'சைட்'.

குஜராத்துக்கு வேறு ஏற்பாடு. இஸ்ரோவின் விண்வெளிப் பயன்பாட்டு மையம் அகமதாபாத்தில்தான் இருக்கிறது. ஆகவே அங்கிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பீஜ் கிராமத்தில் டிரான்ஸ்மிட்டரை வைத்தார்கள். அகமதாபாத் ஸ்டூடியோவில் நிகழ்ச்சி தயாராகும். அது பீஜுக்கு வந்து, அங்கிருந்து சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு ஒளிபரப்பாகும். இஸ்ரோவும் தூர்தர்ஷனும் சேர்ந்து இந்த வேலையைச் செய்தன.

ஓர் ஆண்டு முடிந்ததும் செயற்கைக்கோளை நாசா திரும்ப எடுத்துக்கொண்டது. அந்த ஆறு மாநிலக் கிராமங்களுக்கு வந்துகொண்டிருந்த வானத்து நிகழ்ச்சியும் நின்றது. ஆனால் பீஜ் டி.வி. நிற்கவில்லை. ஏன் தெரியுமா? அதன் கோபுரம் தரையில்தானே இருந்தது!

இஸ்திரிப் பெட்டி அளவு சக்தி!

பீஜ் டிரான்ஸ்மிட்டரின் சக்தி எவ்வளவு தெரியுமா? 1 கிலோவாட்தான். உங்கள் வீட்டில் துணி தேய்க்கும் மின்சார இஸ்திரிப் பெட்டி இருக்கிறதல்லவா? ஏறக்குறைய அது இழுக்கும் மின்சாரத்தின் அளவு! அந்தக் காலத்தில் பெரிய நகரங்களின் தூர்தர்ஷன் டிரான்ஸ்மிட்டர்களின் சக்தி 10 கிலோவாட்டாக இருந்தது.

டி.வி. அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் போகும். பூமியோ உருண்டை. கொஞ்ச தூரம் போனதும் பூமியின் வளைவு குறுக்கே வந்துவிடும். அதனால்தான் கோபுரத்தை உயரமாகக் கட்டுகிறார்கள். மொட்டை மாடியில் ஏறினால் தெருக்கோடி வரை தெரிகிறதல்லவா? அதே கதைதான். அதோடு, சக்தி குறைந்தால் அலை போகும் தூரமும் குறையும். மெதுவாகப் பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்பதைப்போல!

"அப்படியானால் சின்ன டிரான்ஸ்மிட்டர் வைத்து என்ன லாபம்?" என்று தோன்றுகிறதா? லாபம் இருக்கிறது. நாடு முழுவதும் பார்க்கிற டி.வி. எல்லோருக்கும் பொதுவாகத்தான் பேச முடியும். ஒரே மாவட்டத்துக்கு மட்டும் தெரிகிற டி.வி., அந்த மாவட்டத்தின் பிரச்சினையை, அந்த மாவட்டத்துப் பேச்சிலேயே பேசலாம். கேடா பக்கத்து மக்கள் பேசுவது குஜராத்திதான். ஆனால் நம் நெல்லைத் தமிழ், கொங்குத் தமிழ் மாதிரி அவர்களுக்கும் தனி வட்டார வழக்கு உண்டு. பீஜ் டி.வி.யில் அந்தப் பேச்சு ஒலித்தது!

ஊரே கூடிப் பார்த்த பெட்டி

அந்தக் காலத்தில் கிராமத்தில் யார் வீட்டில் டி.வி. இருக்கும்? அதனால் அரசே பெட்டிகளை வாங்கிக் கொடுத்தது. சுமார் 400 கிராமங்களுக்கு, 600-க்கும் அதிகமான கருப்பு வெள்ளை டி.வி. பெட்டிகள்! பால் கூட்டுறவுச் சங்கம், பஞ்சாயத்துக் கட்டடம் போன்ற பொது இடங்களில் அவற்றை வைத்தார்கள். மாலையானால் வயல் வேலை முடித்தவர்கள், பால் ஊற்ற வந்தவர்கள், குழந்தைகள் என்று ஊரே பெட்டியின் முன் கூடிவிடும்.

சரி, என்ன பார்த்தார்கள்? கால்நடை வளர்ப்பு, விவசாயம், குழந்தைகளின் ஆரோக்கியம் பற்றியெல்லாம் நிகழ்ச்சிகள் வந்தன. அதோடு நிற்கவில்லை. தீண்டாமை, குடிப்பழக்கம், கூலி வேலை செய்பவர்களுக்கு நியாயமான சம்பளம் கிடைக்காதது போன்ற பிரச்சினைகளையும் நாடகங்களாகவும் தொடர்களாகவும் காட்டினார்கள்.

இதில் ஒரு சிக்கலைக் கவனித்தீர்களா? கூலிக்காரரும் அதே பெட்டியின் முன் உட்கார்ந்திருப்பார். நிலச் சொந்தக்காரரும் அதே ஊர்தான். "கூலி குறைவாகக் கொடுப்பது தவறு" என்று பெட்டி சொன்னால், எல்லோருக்கும் இனிக்குமா என்ன? சிலருக்குக் கசக்கத்தான் செய்யும். எல்லோருக்கும் பிடித்ததை மட்டும் காட்டுவது சுலபம். பீஜ் டி.வி. அந்தச் சுலபமான வழியில் போகவில்லை.

முதலில் கேள்... பிறகு காட்டு!

பீஜ் டி.வி.யில் நிகழ்ச்சி தயாரித்த முறை மிகவும் சுவையானது. மூன்று படிகள் வைத்திருந்தார்கள்.

முதல் படி: கேட்பது. ஆராய்ச்சியாளர்கள் கிராமங்களுக்குப் போவார்கள். "உங்கள் கஷ்டம் என்ன? எதைத் தெரிந்துகொள்ள ஆசை?" என்று மக்களிடமே விசாரிப்பார்கள்.

இரண்டாவது படி: சேர்ந்து செய்வது. கையில் எடுத்துச் செல்லும் வீடியோ கேமராவோடு கிராமத்துக்கே போய்ப் படம் பிடிப்பார்கள். கிராமத்து மக்களே பேசுவார்கள், நடிப்பார்கள். வயலில் பார்த்த அதே முகம், மாலையில் டி.வி.யில்! எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள்!

மூன்றாவது படி: மறுபடி கேட்பது. நிகழ்ச்சி வந்த பிறகு, "புரிந்ததா? பிடித்ததா? எங்கே குழப்பம்?" என்று விசாரிப்பார்கள். அந்தப் பதிலை வைத்து அடுத்த நிகழ்ச்சியை மாற்றிக்கொள்வார்கள்.

பரீட்சையில் மார்க் போடுவது யார்? ஆசிரியர். இங்கே டி.வி.க்கு மார்க் போட்டது கிராமத்து மக்கள்! இந்த முறையைப் பார்த்து உலகமே பாராட்டியது. கேடா திட்டத்துக்கு ஐ.நா.வின் யுனெஸ்கோ அமைப்பு, கிராமப்புறத் தகவல் தொடர்புக்கான பரிசை வழங்கியது.

திடீரென்று வந்த செய்தி

இனிமேல்தான் கதையின் முக்கியமான பகுதி வருகிறது, குட்டீஸ்.

1982-இல் இந்தியாவில் வண்ண ஒளிபரப்பு வந்தது. டெல்லியிலிருந்து நாடு முழுவதற்கும் 'தேசிய நிகழ்ச்சி'யும் தொடங்கியது. 1984-இல் தினம் ஒரு டிரான்ஸ்மிட்டர் என்ற வேகத்தில், ஊர் ஊராகச் சின்ன டிரான்ஸ்மிட்டர்களை நிறுவினார்கள். அவற்றின் சக்தி வெறும் 100 வாட். பீஜ் டிரான்ஸ்மிட்டரின் பத்தில் ஒரு பங்குதான்!

"அட, அப்படியானால் ஊருக்கு ஊர் பீஜ் டி.வி. வந்துவிட்டதா?" என்று கேட்காதீர்கள். அந்த நிலையங்களில் ஸ்டூடியோ கிடையாது. டெல்லியிலிருந்து செயற்கைக்கோள் வழியாக வருவதை வாங்கி, அப்படியே அனுப்புவதுதான் அவற்றின் வேலை. கோபுரம் சின்ன ஊரில் இருக்கும். பேச்சு மட்டும் டெல்லியிலிருந்து வரும்!

அதே சமயத்தில் பெரிய நகரங்களுக்கு இரண்டாவது சேனல் கொடுக்கும் வேலையும் தொடங்கியது. 1984-இல் டெல்லிக்கு, அடுத்த ஆண்டு மும்பைக்கு என்று வந்தது. அடுத்து சென்னைக்கும் வேண்டும். அதற்கு ஒரு டிரான்ஸ்மிட்டர் தேவை. எங்கிருந்து எடுப்பது?

பீஜ் கிராமத்திலிருந்து!

ஆமாம், குட்டீஸ். 1985-இல், பீஜ் டிரான்ஸ்மிட்டரைச் சென்னையின் இரண்டாவது சேனலுக்குக் கொண்டுபோக மத்திய அரசு முடிவு செய்தது. நகரத்து மக்களுக்கு ஏற்கெனவே ஒரு சேனல் இருந்தது. பொழுதுபோக்குக்கு இன்னொன்று வேண்டும். அதற்காக, கிராமத்து மக்களுக்கென்றே இருந்த ஒரு நிலையத்தின் டிரான்ஸ்மிட்டரை எடுப்பதா?

கேடா மக்கள் சும்மா இருக்கவில்லை. "எங்கள் டி.வி.யை எடுக்காதீர்கள்" என்று போராட்டத்தில் இறங்கினார்கள். காந்தியடிகள் சத்தியாகிரகம் நடத்திய மண்ணல்லவா? அந்தச் செய்தி நாடு முழுவதும் பரவியது. ஆனாலும் முடிவு மாறவில்லை. பீஜ் நிலையம் மூடப்பட்டது. பத்து ஆண்டுகள் கிராமங்களோடு பேசிய குரல் அடங்கியது.

யாருக்காக டி.வி.?

இந்தக் கதையில் ஒரு பெரிய கேள்வி ஒளிந்திருக்கிறது. ஒரு பொருள் இருக்கிறது. கேட்கிறவர்கள் இரண்டு பேர். ஒருவருக்கு அது 'இன்னொன்று'. மற்றவருக்கு அது 'ஒன்றே ஒன்று'. யாருக்குக் கொடுப்பது நியாயம்? பள்ளி நூலகத்தில் புத்தகம் எடுக்கும்போதும், வகுப்பில் கலர் பென்சில் பகிரும்போதும் இதே கேள்வி நமக்கும் வரும். சென்னைக்காரர்கள் தவறு செய்யவில்லை. அவர்கள் யாருடையதையும் பறிக்கச் சொல்லவில்லை. ஆனால் முடிவெடுக்கும் இடத்தில் சின்ன ஊரின் குரல் எடுபடவில்லை என்பதுதான் உண்மை.

டிரான்ஸ்மிட்டர் போனாலும் பீஜ் சொல்லிக்கொடுத்த பாடம் போகவில்லை. மக்களிடம் கேட்டு, மக்களைக் கொண்டே நிகழ்ச்சி செய்யும் முறை, சமுதாய வானொலிகளில் இன்றும் உயிரோடு இருக்கிறது. நம் சென்னையிலேயே, அண்ணா பல்கலைக்கழகத்தில் 2004 பிப்ரவரி 1-இல் 'அண்ணா எஃப்.எம்.' தொடங்கியது. அது இந்தியாவின் முதல் கல்வி வளாகச் சமுதாய வானொலி. அதன் டிரான்ஸ்மிட்டரும் குட்டிதான்!

நீங்களும் செய்யலாம்!

உங்கள் ஊருக்கு அரை மணி நேர டி.வி. நிலையம் கிடைத்தால் எதைக் காட்டுவீர்கள்? உடனே பதில் சொல்லாதீர்கள். பீஜ்காரர்கள் செய்ததைப்போல, முதலில் கேளுங்கள். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு, உங்கள் தெருவில் ஐந்து பேரிடம் போங்கள். பூ விற்கும் அக்கா, பால்காரர், பக்கத்து வீட்டுத் தாத்தா, உங்கள் ஆசிரியர், உங்களைவிடச் சின்ன குட்டி ஒன்று... "நம் ஊரைப் பற்றி டி.வி.யில் எதைக் காட்ட வேண்டும்?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதுங்கள்.

ஐந்து பேரும் ஐந்து விதமாகச் சொல்வார்கள் பாருங்கள்! நீங்கள் நினைத்தே பார்க்காத ஒன்று அதில் நிச்சயம் இருக்கும். அதுதான் உங்கள் முதல் நிகழ்ச்சி!